அம்மனும் அம்மைப்பாலும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமய நம்பிக்கைக்கும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் இடையே சமூகத்தில் நிகழும் பிணக்கைக் குறித்துச் சில சொற்கள் சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் நம்மைப் பணித்தார்கள். பூமி சுழல்கிறதென்று சொன்ன கலிலியோவின் வழக்கையோ, உயிர்கள் தோன்றிய முறையைப் பற்றி டார்வின் கூறிய கொள்கையையோ எடுத்துக்கொண்டு பேசுதல் நமக்கு எளிது. ஆனால் அவை பிறர் வீட்டு வழக்குகள். கேட்டுத் தலையசைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். நம் வீட்டு நிலைப்படியிலேயே, செருகிவைத்த வேப்பிலைக் கொத்தின் கீழேயே நடந்த வழக்கு ஒன்று உண்டு. அதில் வாதியும் நாமே, பிரதிவாதியும் நாமே, நஷ்டப்பட்டவையோ நம் குழந்தைகள். வைசூரி என்னும் பெரியம்மையின் வரலாறே அவ்வழக்கு. அதனையே இன்று எடுத்துக்கொள்கிறோம்.

வைசூரி என்றால் என்னவென்று இங்குள்ள இளைஞர்கள் அறியார்கள். அறியாமலிருப்பது அவர்களுடைய பாக்கியம். அந்நோய் கண்டவர்களுள் ஏறக்குறையப் பத்துக்கு மூவர் மாண்டனர். பிழைத்தவர் முகமெல்லாம் வடுவாயிற்று, பலர் கண்ணிழந்தனர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 30 கோடிப் பேர் இந்நோயால் இறந்திருப்பார்களென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரசர் மாளிகையென்றும் ஆண்டி குடிசையென்றும் அது பார்த்ததில்லை. இன்ன குலத்தார் வீடென்று கேட்டு நுழைந்ததுமில்லை.

இத்தகைய கொடிய நோயின் முன்னே வேறு கதியற்று நின்ற நம் முன்னோர், அதனை நோயென்று சொல்லவும் அஞ்சி, அம்மையென்றே அழைத்தனர். 'அம்மை வார்த்திருக்கிறது' என்றனர். உடலில் எழுந்த கொப்புளங்களை முத்துக்கள் என்றனர். மாரியம்மனே குழந்தையின் மேல் எழுந்தருளியிருக்கிறாள் எனக் கொண்டு, வாயிலில் வேப்பிலை செருகி, வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, வீட்டில் தாளிதம் நிறுத்தி, இளநீரும் மோரும் கொடுத்து, முத்து இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் வார்த்தனர். ஆடி மாதத்தில் கூழ் வார்த்தனர். சமயபுரம் முதலிய திருப்பதிகளுக்கு நடந்து சென்று வேண்டுதலைச் செலுத்தினர்.

இவ்வழக்கங்களையெல்லாம் மூடத்தனம் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். வாயிலில் வேப்பிலையைக் கண்ட அயலூரார் உள்ளே வாராது திரும்பினர். அவ்வளவில் நோய் பரவுதல் சிறிது தடைப்பட்டது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊரைவிட்டு வெளியிற்சென்று தங்கலாகாது என்ற கட்டுப்பாடும் அவ்வகையில் நன்மையே செய்திருக்கும். குளிர்ச்சியான ஆகாரமும், மெல்லிய படுக்கையும், சொறியாதபடி காத்தலும் நோயாளிக்கு இதம் தந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அருவருக்கத்தக்க உருவோடு கிடந்த பிள்ளையை வெறுத்தொதுக்காமல், அம்மன் வந்த உடம்பென்று தாயொருத்தி அருகிலிருந்து விசிறினாளே, அந்த மனவுறுதியை அவளுக்குக் கொடுத்தது அவளுடைய பக்தியே. அதனை நாம் குறைத்துப் பேசோம்.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. இத்தனையும் செய்தும் பத்துக்கு மூவர் மாண்டுகொண்டேயிருந்தனர். வேப்பிலைக்கு அந்நோயைப் போக்கும் ஆற்றல் இருந்ததில்லை. ஏனெனில் வைசூரிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை வைரஸ். அது நோயாளியின் மூச்சோடும் எச்சிலோடும் வெளிப்பட்டு, அருகிருப்பவர் உடலுட் புகுந்து, பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு நாள் மறைந்திருந்து, பிறகு காய்ச்சலாயும் கொப்புளமாயும் தோன்றும். ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு அது மீண்டும் வருவது மிக அரிது. இந்தக் கடைசிச் செய்தியை நம் பாட்டிமாரும் அறிந்திருந்தனர். இதனைக் கண்டறிந்தவர் எந்தக் கலாசாலையிலும் படித்தவரல்லர்; பலகாலும் கண்ணாரப் பார்த்துத் தெரிந்துகொண்டனர். ஆராய்ச்சி என்பது அவ்வாறு பார்த்தலின் முதிர்ச்சியேயாகும்.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வங்காளத்தில் அம்மை குத்தும் வழக்கம் ஆங்கில வைத்தியம் வருவதற்கு முன்பே இருந்தது. ஹால்வெல் என்பவர் 1767-இல் லண்டன் வைத்தியர் சங்கத்துக்கு அதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தணர் சிலர் ஆண்டுதோறும் பருவம் பார்த்து ஊர் ஊராய் வந்து, முன்னாண்டில் எடுத்துவைத்த கொப்புளச் சீழைச் சிறிதளவு கையிற் கீறித் தடவுவர்; தடவும்போது தேவியைத் தோத்திரஞ் செய்வர். அவ்வாறு குத்தப்பட்டவருக்கு நோய் சிறிதாக வந்து நீங்கும். பின்னர்ப் பெருநோய் அணுகாது. ஒரு கையில் ஊசியும் வாயில் தேவியின் நாமமும் ஒருங்கே இருந்தன. பக்தியுள்ள இடத்தில் பரீக்ஷைக்கு இடமில்லை என்பது நம் தேசத்தின் பழைய கொள்கையன்று என்பதற்கு இதுவே சான்று.

மேல்நாட்டாரின் வரலாற்றிலும் இதுபோன்றதொரு வேடிக்கையுண்டு. 1721-இல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் வைசூரி பரவியது. அங்கே காட்டன் மாதர் என்னும் கிறிஸ்தவப் போதகர், ஒனிசிமஸ் என்னும் ஆப்பிரிக்க அடிமையொருவரிடமிருந்து அம்மை குத்தும் முறையைக் கேட்டறிந்து, அதைச் செய்து பார்க்க வேண்டுமென்று வைத்தியர்களை வேண்டினார். பாயில்ஸ்டன் என்ற வைத்தியர் ஒருவர் மட்டும் இசைந்து, தம் மகனுக்கே முதலில் குத்தினார். நகரத்தின் மற்றைய வைத்தியர் எதிர்த்தனர். போதகர் வீட்டுச் சாளரத்தின் வழியே வெடிகுண்டும் எறியப்பட்டது. நல்லகாலமாக அது வெடிக்கவில்லை. முடிவில் கணக்குப் பார்த்தபோது, இயல்பாக நோய் கண்ட ஏறக்குறைய 5,900 பேரில் இறந்தவர் 844 பேர். குத்திக்கொண்ட 240-க்கு மேற்பட்டவருள் இறந்தவர் ஆறு பேர். அடுத்த ஆண்டிலேயே லண்டனில் மாசி என்னும் வேறொரு போதகர், நோய் கடவுள் அனுப்பும் சோதனை. அதைத் தடுப்பது பாவம் என்று பிரசங்கித்தார். ஒரே வேதத்தைக் கையிற்கொண்ட இருவருள் ஒருவர் குத்துக என்றார். ஒருவர் குத்தாதே என்றார். அங்கே வைத்தியர் எதிர்த்தனர், பாதிரியார் ஆதரித்தனர். ஆதலின் இப்பிணக்கு சமயத்தார் ஒரு பக்கமும் விஞ்ஞானிகள் மறுபக்கமுமாக அணிவகுத்து நின்ற போர் என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பார்த்து அறிவோம் என்பவர்க்கும் பார்க்கவே வேண்டாம் என்பவர்க்கும் நேர்ந்த போர் என்பதே பொருந்தும்.

சீழைக் குத்தும் பழைய முறையில் அபாயம் இருந்தது. நூற்றுக்கு ஓரிருவர் அதனாலேயே மாண்டனர்; குத்திக்கொண்டவரிடமிருந்து பிறருக்கு நோய் பரவியதும் உண்டு. இந்தக் குறையைத் தீர்த்தவர் எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர். அவரும் ஒரு பாதிரியாரின் மகனே. பசுக்களின் மடியில் காணும் பசுவம்மை கைகளில் ஒட்டிக்கொண்ட பால்காரப் பெண்களுக்கு வைசூரி வருவதில்லை என்ற நாட்டுப்புற வழக்கு அவர் ஊரில் இருந்தது. 1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி, ஸாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த பாலை, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்கு அவர் குத்தினார். சில வாரங்கள் சென்றபின் வைசூரிச் சீழையே குத்திப் பார்த்தார். பையனுக்கு நோய் வரவில்லை. இக்காலத்துச் சட்டம் ஒரு குழந்தையின் மேல் இத்தகைய பரீக்ஷைக்கு இடங்கொடாது. ஆனால் உலகம் அதனால் பிழைத்தது. அவர் தம் முடிவை 1798-இல் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். உடனே பரிகாசம் எழுந்தது. குத்திக்கொண்டவர் உடலில் மாட்டுத்தலைகள் முளைப்பதாக ஜில்ரே என்னும் சித்திரக்காரர் 1802-இல் படம் வரைந்தார். பசுவை வணங்காத தேசத்திலேயே பசுவின் பாலைக் குறித்து இத்தனை அச்சம் என்றால், நம் நாட்டில் எழுந்த அச்சத்துக்கு நாம் நாணவேண்டுவதில்லை.

1802-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் தேதி பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மைப்பால் குத்தினார்கள். இந்தியாவில் முதன்முதல் பலித்தது அதுவே. அவள் கையிலெழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்துப் பிறருக்கும், அவர்களிடமிருந்து எடுத்து மற்றவருக்கும் என, கைவழிக் கைவழியாக அது சென்னை முதலிய இடங்களுக்கு வந்தது. ஐஸ் பெட்டி இல்லாத அக்காலத்தில் குழந்தைகளின் கைகளே அம்மைப்பாலைச் சுமக்கும் பாத்திரங்களாயின. ஸ்பெயின் தேசத்தார் 1803-இல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அதைக் கொண்டுபோக 22 அனாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர்.

இந்தக் கைவழி முறைதான் நம் நாட்டாரை மிகவும் கலங்கச் செய்தது. எவர் வீட்டுக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த பால் எவர் வீட்டுக் குழந்தையின் உடலிற் புகுகிறது என்ற கேள்வி வீடுதோறும் எழுந்தது. இதில் குலப்பெருமை கலந்திருந்தது என்பதை மறுக்கலாகாது. நம் குலத்தார் உட்பட எல்லாக் குலத்தாரும் அக்காலத்தில் அவ்வாறே நினைத்தனர். குருதியில் குலபேதம் காண்பது வீண் என்பதை இன்று யாவரும் அறிவோம். ஆயினும் அந்த அச்சத்துள் ஓர் உண்மையும் மறைந்து கிடந்தது. 1861-இல் இத்தாலியிலுள்ள ரிவால்ட்டா என்ற ஊரில், மேகநோய் கொண்ட ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலினால் நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்நோய் தொற்றியது. கைவழி முறை அபாயமுள்ளது என்பது இவ்வாறு வெளிப்படையாயிற்று. பின்னர்க் கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை விளைவித்து எடுக்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் 1898-இல் கைவழி முறையை விலக்கினர். நம் மாகாணத்தில் கிண்டியில் 1899-இல் தோன்றிய கிங் நிலையம் பின்னர் அம்மைப்பால் தயாரிக்கும் இடமாயிற்று.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? ஜனங்கள் கேட்ட கேள்வியை மூடர் கேள்வியென்று தள்ளிவிட்ட அதிகாரிகள் தவறு செய்தனர். அக்கேள்வியைப் பொறுமையோடு கேட்டிருந்தால், குறையை முன்னரே கண்டு திருத்தியிருக்கலாம். கேள்வி ஆராய்ச்சிக்குப் பகையன்று. அதன் உணவே கேள்விதான். ஆனால் கேட்டவரும் விடையைக் கேட்கக் காத்திருத்தல் வேண்டும். கன்றிலிருந்து எடுக்கும் முறை வந்த பின்பும், பழைய அச்சத்தையே சொல்லிக் கதவைத் தாழிட்டவர்கள் நம் நாட்டில் அநேகர். மகாத்மா காந்தியடிகளே 1913-இல் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதியபோது அம்மை குத்துதலைக் கண்டித்தார். பெரியோர் ஒருவரிடத்தில் நமக்குள்ள பக்தி, அவர் சொன்ன எல்லாவற்றையும் பரிசோதியாது ஏற்பதற்குக் காரணமாகாது.

நம் அபிமானத்தைச் சோதிக்கும் செய்தி ஒன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். பசுவம்மைப் பாலைக் குத்தும் முறை நம் பழைய சாஸ்திரங்களிலேயே இருக்கிறது. தன்வந்திரி அதைச் சொல்லியிருக்கிறார் என்று இக்காலத்தும் சிலர் பேசக் கேட்கிறோம். 1819-இல் சென்னையில் வெளிவந்த 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரோடு வந்த கடிதமொன்று, தன்வந்திரியின் பேரால் ஒரு நூலைக் காட்டி இதே செய்தியைச் சொல்லிற்று. ஆராய்ந்தவர் கண்டது வேறு. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரையெழுதியவரும், தென்னாட்டு மொழிகள் தனியினம் என்று 1816-இல் எடுத்துக்காட்டியவருமான எல்லிஸ் துரையவர்களை நீங்கள் அறிவீர்கள். ஜனங்கள் அம்மை குத்திக்கொள்ள இசைய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தால், அவர் வடமொழியில் ஒரு சிறு கவிதை தாமே இயற்றி, பழங்காகிதத்தில் எழுதுவித்து, பழஞ்சுவடியிற் கிடைத்ததாகப் பரவச் செய்தார் என்று அக்காலத்து ஆங்கிலேயர் குறிப்பே கூறுகிறது. பழைய வைத்திய நூல்களைத் தேடிப்பார்த்த அறிஞருக்கு அம்முறை எங்கும் அகப்படவில்லை.

எல்லிஸ் துரையவர்களின் எண்ணம் நல்லதே. ஆயினும் பொய்யினால் நாட்டிய நன்மை, பொய் வெளிப்பட்டவுடன் ஆட்டம் கொடுக்கிறது. அதனினும் வருந்தத்தக்கது யாதெனின், ஆங்கிலேயர் ஒருவர் நம்மை இசைவிக்கச் செய்த ஒரு சூழ்ச்சியையே நம் முன்னோர் பெருமையென்று நாம் மார்தட்டிக்கொள்வது. வங்காளத்து அந்தணர் கையில் உண்மையாகவே இருந்த பழைய முறை நமக்குப் போதிய பெருமையன்றோ? இல்லாததை ஏற்றிச் சொல்ல வேண்டுவது என்ன? சாஸ்திரத்தை மதிப்பவனே, சாஸ்திரத்தில் இல்லாததை அதன் பேரால் சொல்ல அஞ்சுவான்.

ஆராய்ச்சி தன் குறையைத் தானே சொல்லித் திருத்திக்கொள்ளும் இயல்புடையது. ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுதும் காப்பு உண்டு என்று ஜென்னர் நம்பினார். அது தவறென்று பின்வந்தவர் கண்டனர்; சில ஆண்டுகளில் காப்புக் குறைவதால் மறுபடியும் குத்த வேண்டும் என்றனர். ஜெர்மனி 1874-இல் முதலாண்டிலும் பன்னிரண்டாம் வயதிலும் குத்த வேண்டுமென்று சட்டஞ் செய்தது. ஜென்னரைத் திருத்தியவரை ஜென்னரின் துரோகி என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மைப்பாலினாலேயே பத்து லட்சம் பேரில் ஓரிருவர் உயிரிழந்ததையும் வைத்தியர்களே எண்ணி அச்சிட்டு வெளியிட்டனர். வைசூரி உலகில் ஒழிந்தபின், 1978-இல், இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஆராய்ச்சிசாலையோடு சேர்ந்த கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்நோய் கண்டு இறந்தார். அதனையும் மறைக்கவில்லை, அதன் பயனாக, உலகெங்கும் எஞ்சியிருந்த கிருமிகள் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பூட்டி வைக்கப்பட்டன.

இனி, நோய் ஒழிந்த வரலாற்றைச் சொல்லுவோம். வைசூரி மனிதரை அன்றி வேறு பிராணிகளிடத்தில் தங்குவதில்லை. கண்டவர் முகத்திலேயே அடையாளம் தெரியும். குத்தினால் காப்பு உண்டு. இம்மூன்றும் சேர்ந்தமையால் அதனை வேரறுக்க முடியுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கருதி, 1967-இல் பெருமுயற்சி தொடங்கிற்று. வெப்பத்தில் கெடாத உலர்ந்த மருந்தும், இரண்டு முனையுள்ள சிறிய ஊசியும் கைக்கு வந்தன. நோய் கண்ட இடத்தைத் தேடிப்பிடித்து, அவரைச் சூழ்ந்திருப்போர்க்கெல்லாம் குத்தி, நோய்க்கு வேலி கட்டும் முறை வகுக்கப்பட்டது. இந்தியாவில் 1974-இல் மட்டும் 1,88,000 பேருக்கு நோய் கண்டது. 31,000 பேருக்கு மேல் மாண்டனர். பீகாரில் மிகுதி. லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர் வீடு வீடாகச் சென்று, நோய் கண்ட குழந்தையின் படம் ஒன்றைக் காட்டி, இத்தகைய பிள்ளை உண்டா என்று கேட்டனர். துப்புச் சொன்னவர்க்குப் பரிசு கொடுத்தனர். முடிவில் அப்பரிசு 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. பரிசு ஏன்? தேவி எழுந்தருளியிருப்பதை வெளியார்க்குச் சொல்லலாகாது என்று வீட்டார் மறைத்ததும் ஒரு காரணம்.

1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் வைசூரி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் பங்களாதேசத்துப் போலா தீவில் ஒரு சிறுமிக்கு வந்ததே அந்நோயின் கொடிய வகையில் இயல்பாக வந்த கடைசி. இலேசான வகை 1977 அக்டோபரில் சோமாலியா நாட்டு ஆஸ்பத்திரிச் சமையற்காரர் ஒருவரோடு முடிந்தது. ஊசி வலிக்குமென்று அஞ்சி அவர் முன்னே குத்திக்கொள்ளாதிருந்தார். பிழைத்தெழுந்தபின், இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துக்காகத் தாய்மாரிடம் சென்று தம் கதையையே சொல்லி வேண்டினார். 1980-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி, வைசூரி உலகில் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மனிதர் முயன்று பூமியிலிருந்தே ஒழித்த மனித நோய் இதுவொன்றே.

அன்பர்களே! இப்பொழுது உங்களை ஒரு கேள்வி கேட்கிறோம். வைசூரி போயிற்றே, மாரியம்மன் போய்விட்டாளா? சமயபுரத்தில் கூட்டம் குறைந்ததா? ஆடிக் கூழ் வார்ப்பது நின்றதா? பூச்சொரிதலும் தீமிதியும் பால்குடமும் முன்னினும் சிறப்பாக நடக்கின்றன. நோயைத் தடுத்தால் அம்மன் கோபிப்பாள். அம்மனுடைய வருகையை மறுத்தவராவோம் என்று நம் பாட்டிமார் நடுங்கினார்கள். அந்த நடுக்கத்துக்குக் காரணமில்லை என்பதை இத்தனை ஆண்டுகள் மெய்ப்பித்துவிட்டன. நோய் வேறு, அம்மன் வேறு. நோயையே அம்மன் என்று எண்ணியிருந்தால், 1980-இலேயே நம் பக்தி முடிந்திருக்க வேண்டும். அது முடியவில்லை. மழையும் தருபவள், பயிரும் காப்பவள், பிள்ளைவரமும் கொடுப்பவள் என்று வணங்கிய நெஞ்சில் அவள் முன்போலவே இருக்கிறாள். ஆராய்ச்சியினால் பக்தி இழந்தது ஒன்றுமில்லை. பக்தியின் பேரால் ஆராய்ச்சியைத் தாமதப்படுத்தியதால் நாம் இழந்தது எத்தனையோ குழந்தைகளை.

இது பழங்கதையாய் முடிந்திருந்தால் நாம் இவ்வளவு நேரம் உங்களை இருத்திப் பேசியிரோம். மணல்வாரியென்றும் தட்டம்மையென்றும் சொல்லும் நோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதனையும் அம்மையென்றே சொல்லுகிறோம்; வேப்பிலை கட்டி, வைத்தியரை விலக்கி வைக்கிறோம். 2023-ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 1,07,500 பேர், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், தட்டம்மையால் இறந்தனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காப்பில்லாதவர் பத்துப்பேர் அந்நோயாளியின் அருகிலிருந்தால் ஒன்பது பேருக்கு அது ஒட்டிக்கொள்ளும். கபவாத சுரமும், மூளை வீக்கமும், கண்பார்வைக் கேடும் அதன் பின்விளைவுகள். 2017 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி போட அரசாங்கத்தார் முற்பட்டபோது, கைப்பேசி வழியே பரவிய வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கினர். குறித்த நாளில் வேலை முடியாமல் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தியைப் பரப்பியவர் பலர் படித்தவர். முற்காலத்து அச்சத்துக்குத் தெய்வத்தின் பேர் இருந்தது. இக்காலத்து அச்சத்துக்கு விஞ்ஞானத்தின் பேரையே சூட்டுகிறார்கள். இரண்டும் பரிசோதனைக்கு நில்லாதவை என்பதில் வேற்றுமையில்லை.

ஆதலின் இச்சங்கத்துக் குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவன சில.

முதலாவது: குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் முடிந்தவுடன் முதல் ஊசியும், பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் இரண்டாவது ஊசியும் தட்டம்மைக்காகப் போடுக. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இது இலவசமே.

இரண்டாவது: அம்மை எதுவாயினும், வீட்டில் கண்டவுடன் வைத்தியருக்குச் சொல்லுக, பள்ளிக்கூடத்துக்கும் சொல்லுக. வேப்பிலை கட்டுவதை நாம் தடுக்கவில்லை. ஆனால் அம்மை பார்க்க என்று உறவினர் கூட்டமாய் வந்து போவதை நிறுத்துக. விசேஷமாகக் கருவுற்ற பெண்களும் கைக்குழந்தைகளும் அவ்வீட்டை அணுகலாகாது.

மூன்றாவது: பத்தியமென்று பிள்ளையைப் பட்டினி போடாதீர். தட்டம்மை கண்ட பிள்ளைக்கு நீரும் சத்துள்ள ஆகாரமும் வேண்டும். ஏ வைட்டமின் கொடுத்தால் கண்ணும் உயிரும் காக்கப்படும். விளையாட்டம்மை கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கலாகாது. மருந்து தொட்டால் அம்மைக்கு ஆகாது என்ற பேச்சை நம்பி, மூச்சுத்திணறும் குழந்தையை வீட்டில் வைத்திருத்தல் பக்தியாகாது.

நான்காவது வேண்டுகோள் நம் குலத்துப் படித்த பிள்ளைகளுக்கும், வைத்தியத் தொழிலில் இருப்பவர்களுக்கும் உரியது. வீட்டுப் பெரியவர்களைப் பார்த்து நகைக்காதீர்கள். மஞ்சள் நீர் தெளிக்கும் ஆத்தாளிடம் 'இதெல்லாம் பொய்' என்று தொடங்கினால், நீங்கள் சொல்லும் மெய்யும் அவள் காதில் ஏறாது. 'அம்மனுக்குச் செய்வதைச் செய்யுங்கள். குழந்தைக்குச் செய்ய வேண்டியதையும் செய்வோம்' என்று சொல்லிப் பாருங்கள். அவள் பேரப்பிள்ளையின் உயிரைவிட அவளுக்குப் பெரிது எதுவுமில்லை. ஊசி எதனால் செய்தது, என்ன செய்யும், காய்ச்சல் ஒருநாள் வருமா என்று அவள் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் விடை சொல்லுங்கள். அறிவைக் கட்டளையாகக் கொண்டுவந்தவரை நம் ஜனங்கள் வாயிலிலேயே நிறுத்தினர். காரணத்தோடு வந்தவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தனர்.

நம்பிக்கைக்கு உரிய இடம் ஒன்றுண்டு. ஆராய்ச்சிக்கு உரிய இடம் ஒன்றுண்டு. துன்பத்தை எவ்வாறு தாங்குவது, எவரிடத்தில் ஆறுதல் தேடுவது, பிழைத்தபின் எவருக்கு நன்றி செலுத்துவது என்பவை நம்பிக்கைக்கு உரியவை. நோய் எதனால் வந்தது, எவ்வாறு பரவும், எதனால் தடுக்கலாம் என்பவை ஆராய்ச்சிக்கு உரியவை. இரண்டாவதற்கு உரிய கேள்வியை முதலாவதனிடம் கேட்டபோதெல்லாம் நாம் பிள்ளைகளை இழந்தோம். அந்த வரம்பை ஒவ்வொரு வீட்டிலும் இனியேனும் காப்போமாக.

 நம் குழந்தைகள் நோயின்றி நெடிது வாழ்க!